பன்னிரண்டு அடி ஒயர்

என் மாமனார் உடையப்பன் பார்த்த வேலையில் குற்றம் சொல்ல இலுப்பூர் வட்டாரத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். பத்தொன்பது வருஷம் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். யார் வீட்டுச் சுவிட்சு கோணலாக இருந்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு வந்த மனிதர். அவரிடம் போய், "நீங்க செவுத்துக்குள்ள போட்ட ஒயர்தான் கெட்டுக் கெடக்கு மாமா" என்று சொல்ல வேண்டிய நிலை எனக்கு வந்தது. அதுவும் கையில் இரண்டே நாள்தான் இருந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவது. திருச்சியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது, அதை மூடிவிட்டார்கள். இருந்தவர்கள் சென்னை ஆபீசுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். வீட்டிலிருந்து பார்ப்பதற்கு நிபந்தனை உண்டு. நோயாளிகளின் விவரம் என்பதால் கதவு சாத்திய தனி அறை வேண்டும். வைஃபை கூடாது, ஒயர் வழியாகத்தான் நெட் வர வேண்டும். வேகம் ஐம்பது எம்.பி.க்குக் குறையக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் டீம் லீடர் ஷர்லி வீடியோவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார். ஐம்பது வந்தால் வீடு, வராவிட்டால் திங்கட்கிழமை சென்னை.

சென்னை என்றால் ஹாஸ்டல். யூ.கே.ஜி. படிக்கும் என் மகள் இளமதி இங்கே இருப்பாள், நான் அங்கே இருப்பேன். என் கணவர் பிரசாந்த் ஏற்கெனவே சிங்கப்பூரில். அப்பாவையும் போனில் பார்த்து அம்மாவையும் போனில் பார்த்து ஒரு குழந்தை வளர்வதா?

ஆனால் இதை நான் வீட்டில் மூச்சு விடவில்லை. கல்யாணமான புதிதில் என் மாமியார் அழகி ஒரு தடவை, "பிரசாந்து அனுப்புறது பத்தாமயா நீ வேற பஸ்ஸுல தொங்குற?" என்று கேட்டிருந்தார். ஆறு வருஷமாகியும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவில்லை. இப்போது விஷயத்தைச் சொன்னால், "அப்ப வேலய விட்ரு" என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால் சத்தமில்லாமல் நெட்டைச் சரிசெய்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

எங்கள் வீட்டு இணைப்பு நூறு வேகத்துக்கானது. மோடம் கீழே கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் அறை மாடியில். புதன்கிழமை காலை, மோடத்திலிருந்து மாடி அறைச் சுவருக்கு வரும் லேன் ஒயரை லேப்டாப்பில் சொருகி வேகம் பார்த்தேன். ஏழு புள்ளி எட்டு. மறுபடி பார்த்தேன், எட்டு புள்ளி ஒன்று. மூன்றாவது தடவை ஆறு புள்ளி ஒன்பது. நூறு கேட்ட இடத்தில் எட்டு.

மோடத்தை அணைத்துப் போட்டேன். ஒயரை வேறு துளையில் மாற்றிச் சொருகினேன். லேப்டாப்பில் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் மூடினேன். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து இருபது நிமிஷம் பாட்டு கேட்டேன், உங்கள் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று வாழ்த்தி வைத்துவிட்டார்கள். கடைசியில் அத்தையிடம் போய், போனில் சீரியல் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன்.

"ஏன், நான் பாத்தா ஒன் நெட்டு தேஞ்சு போயிருமா?" என்றார் அத்தை. இருந்தாலும் நிறுத்தினார். தேய்வதும் இல்லை, வளர்வதும் இல்லை, எட்டு எட்டாகவே இருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு இறங்கினேன். மோடத்தோடு வந்த முழ நீள ஒயர் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை நேராக மோடத்தில் சொருகிப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு! மூன்று தடவை பார்த்தும் தொண்ணூற்று நான்கு. அதே லேப்டாப், அதே நேரம், ஒரு மாடி ஏறுவதற்குள் நெட்டுக்கு மூச்சு வாங்குகிறது. ஆக, கோளாறு சுவருக்குள் போகும் ஒயரில். மோடத்தையே மாடிக்குத் தூக்கலாம் என்றால், தெருவிலிருந்து வரும் ஃபைபர் ஒயர் கூடத்தோடு நின்றுவிடுகிறது.

அந்தச் சுவர் ஒயருக்கு ஒரு கதை உண்டு. கொரோனா சமயத்தில், எங்கள் பகுதிக்கு நெட் இணைப்புக் கொடுக்கும் நாகராசு அதைப் படிக்கட்டின் குறுக்கே தொங்கலாக இழுத்து மாடிக்குக் கொடுத்தான். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் குதிரை மாதிரி ஓடியது. இந்த ஆவணியில் இளமதிக்குக் காதுகுத்து வைத்தோம். மொட்டை மாடியில் பந்தல். தாய்மாமன் சீரோடு என் தம்பி வகையறா மேளதாளத்துடன் வருவார்கள், பெண்கள் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில்தான் ஏற வேண்டும்.

"சீர் தட்டோட வர்ற பொம்பளைக கால்ல ஒயரு மாட்டுச்சுன்னா, எலக்ட்ரீசியன் வீட்டு லட்சணத்தப் பாருன்னு ஊரே சிரிக்கும்" என்றார் மாமா. நான்கே நாளில் சுவரைக் கொத்தி, பைப் பதித்து, ஒயரை உள்ளே விட்டு, பூசி, பெயிண்டும் அடித்துவிட்டார். எங்கே கொத்தினார் என்று விரலால் தடவினாலும் தெரியாது. அதே சமயம், வீட்டிலிருந்து வேலை பார்த்த எங்களைக் கம்பெனி ஆபீசுக்கே திரும்பக் கூப்பிட்டுவிட்டது. அன்றிலிருந்து போன வாரம் வரைக்கும் நான் தினமும் பஸ் ஏறித் திருச்சி ஆபீசுக்கே போய்க்கொண்டிருந்ததால், அந்த ஒயரைத் தொட்டுப் பார்க்கவே வேலை வரவில்லை.

புதன் சாயங்காலம் மாமா டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பக்குவமாக ஆரம்பித்தேன்.

"மாமா, மாடிக்குப் போற ஒயர்ல ஏதோ கோளாறு போல. நெட்டு எட்டுதான் வருது."

"எந்த ஒயர்ல? நான் போட்டதுலயா?"

"ம்."

"ஒயர்ல கோளாறுன்னா ஒண்ணுமே வரக்கூடாதுத்தா. எட்டாச்சும் வருதுல்ல? வருதுன்னா ஒயரு நல்லாருக்குன்னுதான் அர்த்தம். குடுக்குறவன் கம்மியாக் குடுக்குறான்."

"கீழ தொண்ணூத்தி நாலு வருதே மாமா."

"அப்ப ஒன் லேப்டாப்பு மாடி ஏறுனதும் சூடாகுது."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஆறு வருஷ மரியாதை ஒரு நொடியில் போயிருக்கும்.

வியாழன் காலை நாகராசுவை வரவழைத்தேன். அவனிடம் ஒரு டெஸ்டர் இருந்தது. இரண்டு துண்டு, ஒயரின் இரண்டு முனையிலும் மாட்ட வேண்டும். ஒயருக்குள் எட்டு இழை உண்டு, எட்டும் நன்றாக இருந்தால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். மாடி முனையில் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." எட்டும் எரிந்தது, வரிசை கூடத் தப்பவில்லை.

"பாத்தியா? எட்டுக்கு எட்டு!" என்றார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை தோற்றுப்போகும், அப்படி ஒரு முகம்.

நாகராசு தலையைச் சொறிந்தான். இரண்டு முனையிலும் ஜாக்கை வெட்டிப் புதிதாகப் போட்டான். மோடத்தை மாற்றிப் பார்த்தான். எட்டு அசையவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "பெரியப்பா, உள்ள எங்கிட்டாச்சும் ஒட்டு கிட்டுப் போட்டுருக்கீங்களா?"

"நான் போட்ட ஒட்டு கம்பியவிடக் கெட்டியா இருக்கும். அதெல்லாம் நீ ஏன்டா கேக்குற? எட்டும் எரியுதுல்ல?"

நாகராசு அதற்கு மேல் கேட்கவில்லை. ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். படியில் இறங்கிக்கொண்டே, பின்னால் வந்த என் பக்கம் திரும்பி, "புது ஒயரு ஒண்ணு இழுத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும் அக்கா. ஆனா எங்கிட்ட இருந்த சுருள் தீந்துபோச்சு. புதுக்கோட்டைலதான் வாங்கணும். நாளைக்கி மத்தியானமா வாரேன்" என்றான்.

"மத்தியானம் வந்து என்ன பண்றது? பதினோரு மணிக்கே எல்லாம் முடிஞ்சிரும்!" கத்திவிட்டேன்.

கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். "எது முடிஞ்சிரும்?"

அதற்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. படிக்கட்டில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சென்னை, ஹாஸ்டல், ஷர்லி, ஐம்பது எல்லாம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒங்களுக்கு ஒங்க செவுரு பெருசு மாமா. நீங்க வெளக்கு எரியுறத எண்ணிக்கிட்டே இருங்க, நான் புள்ளய விட்டுட்டு ஊரு போய்ச் சேர்றேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். நாகராசு டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு நழுவினான்.

அத்தை கீரைச் சட்டியோடு மேலே வந்து எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "ஏத்தா, இத முந்தியே சொல்றதுக்கு ஒனக்கு என்ன?"

"சொன்னா வேலய விடச் சொல்லுவீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"கல்யாணமான புதுசுல சொன்னீங்க. பஸ்ஸுல தொங்குறேன்னு."

"அது அப்ப. இந்த மூணு மாசமா அஞ்சரை மணி பஸ்ஸுக்கு ஓடுனியே, டிபன் டப்பா கட்டிக் குடுத்தது யாரு? வேலய விடச் சொல்றவ விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சு ஒனக்கு இட்லி ஊத்துவாளா?"

மூன்று மாதமும் அந்த டப்பாவை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு ஓடியவள் நான். ஒரு பேச்சை ஆறு வருஷம் நினைவில் வைத்திருந்தேன், தினமும் கைக்கு வந்த டப்பாவை ஒரு நாளும் கணக்கில் சேர்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அத்தை என்னை அதிகம் வெட்கப்பட விடாமல், "சரி சரி, இந்தக் கீரைய ஆயி" என்று சட்டியை நகர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் டக் டக்கென்று சத்தம் கேட்டு அறையை விட்டு வெளியே வந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் மாமா உளியும் சுத்தியலுமாக நின்றிருந்தார். மூன்று மாதம்கூட ஆகாத பூச்சு, பெயிண்டோடு பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. இளமதி வாயில் பிரஷை வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"இங்கிட்டு வா, பாரு" என்றார் மாமா என்னிடம்.

உடைந்த பைப்புக்குள்ளிருந்து அவர் இழுத்துக் காட்டியது லேன் ஒயரே இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று எட்டு தனித்தனி வீட்டு ஒயர்கள், நல்ல தடிமன், எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி போலச் சிக்கில்லாமல் நேராகப் போயின. நாகராசுவின் ஒயரை நடுவில் வெட்டி, இரண்டு வெட்டிலும் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக ஈயத்தால் பற்றவைத்து, டேப் சுற்றியிருந்தார். அதைவிட அழகான ஒட்டு வேலையை நான் பார்த்ததில்லை, அது நிஜம்.

"நாகராசு ஒயரு படிக்குக் குறுக்கால போயிருந்துச்சு. செவுத்துல மூலைக்கு மூலை மடக்கிப் போகவும் பன்னெண்டு அடி பத்தல" என்றார். "குவைத்துலருந்து வரும்போது கொண்டாந்த கம்பி இது. அசல் செம்பு. நல்ல வேலைக்கு ஆகும்னு பதினோரு வருசமா எடுக்காம வச்சிருந்தேன். ஒனக்குத்தான போடுறோம்னு எடுத்துப் போட்டேன்."

எனக்குக் கோபம் இருந்த இடமே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு நாகராசு பைக்கில் வந்தான், தோளில் புது ஒயர்ச் சுருள். விடியுமுன்னே மாமா அவனை எழுப்பி, புதுக்கோட்டைக்குக் கிளப்பிவிட்டிருக்கிறார். கடைக்காரர் ஷட்டர் தூக்கும்வரை இவன் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறான். பைப்புக்குள் இருந்ததைப் பார்த்ததும், "அட, பெரியப்பா!" என்று இடுப்பில் கை வைத்தான்.

"சொல்லுடா. கூச்சப்படாமச் சொல்லு" என்றார் மாமா.

நாகராசு புது ஒயரின் நுனியைச் சீவிக் காட்டினான். உள்ளே எட்டு இழைகளும் இரண்டிரண்டாகப் பின்னிக்கொண்டிருந்தன. "இந்த முறுக்குதான் பெரியப்பா விசயமே. ரெண்டு ரெண்டா முறுக்கியிருந்தாத்தான் ஒண்ணுல போறது இன்னொண்ணுல கலக்காது. நீங்க பன்னெண்டு அடிக்கு எல்லாத்தையும் ஒரே கூட்டமா விட்டுட்டீங்க. லைட்டு எரிய அது போதும், வேகத்துக்குப் பத்தாது."

"கம்பி தடியா இருந்தா நல்லதில்லையா?"

"கரண்டுக்கு நல்லது. இதுக்கு இல்ல."

மாமா அந்த முறுக்கை விரலால் நெருடிப் பார்த்தார். "இப்பிடித்தான் இருந்துச்சு ஒன் ஒயரும். என்னடா கோணமாணயாக் கெடக்குன்னு ஒரு சாண் நீளத்துக்குப் பிரிச்சு, நீவி நீவி நேராக்கித்தான் பத்த வச்சேன்." ஒயர் நுனியை நாகராசுவிடமே நீட்டினார். "நல்லாருந்ததக் கெடுத்தவன் நான்தான். சரி, வேலயப் பாரு."

பழசை உருவிவிட்டு, புது ஒயரை அதே பைப்புக்குள் விட்டார்கள். திருப்பத்தில் சிக்கியது. காலையில் கொத்தியபோது விழுந்த சிமெண்டுக் கட்டி உள்ளே அடைத்திருந்தது போல. நீளக் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. மணி பத்தைத் தாண்டியது. நாகராசுக்கு வேர்த்து ஊற்றியது. நான் கடிகாரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடுடா" என்றார் மாமா. "செவுத்து மேலயே போடு."

"பெயிண்டு போயிருமே பெரியப்பா. ஆணி அடிக்கணும்."

"பெயிண்டு கெடக்கு. கிளிப்ப எடு."

நாகராசு தயங்குவதைப் பார்த்து அவரே சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். அத்தை முக்காலியைப் பிடித்துக்கொள்ள, கூடத்திலிருந்து மாடி வரை, தான் பூசிப் பெயிண்டு அடித்த சுவரில், ஊருக்கே தெரிகிற மாதிரி ஒயரைக் குறுக்கே இழுத்து அடித்துக்கொண்டே ஏறினார். ஒரு கிளிப் கோணலாக உட்கார்ந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாகராசு ஜாக்கை அழுத்தி என் கையில் கொடுத்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஷர்லியின் முகம் திரையில் வந்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். வைஃபை அணைந்திருக்கிறதா என்று கேட்டார், அணைந்திருந்தது. "சரி சரண்யா, டெஸ்ட் ஓட்டுங்க."

அழுத்தினேன். பன்னிரண்டு என்று காட்டியது. போச்சு என்று நினைப்பதற்குள் முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, எண்பது. தொண்ணூற்று மூன்றில் போய் நின்றது.

"சூப்பர். அப்ரூவ் பண்ணிடறேன். திங்கட்கிழமை வீட்லேருந்தே லாகின் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஷர்லி அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அவருக்கு அது மூன்று நிமிஷ வேலை.

கதவைத் திறந்தேன். நிலைக்கு வெளியே மாமா நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புப் பொடி. லேப்டாப்பை அவர் பார்க்கவேயில்லை, எவ்வளவு வந்தது என்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, எங்கிட்டும் போக வேண்டியது இல்லையே?"

"இல்ல மாமா. தொண்ணூத்தி மூணு வந்துருச்சு. நான் எங்கயும் போகல."

மாமா தரையில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், பொடி இன்னும் அப்பிக்கொண்டது. நேற்று நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நானும் எதிரில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"நான் குவைத்துக்குப் போகும்போது பிரசாந்துக்கு ரெண்டு வயசு" என்றார். "மூணு வருசம் கழிச்சு மொத லீவுல வந்து எறங்குறேன். வாசல்ல நின்னு வெளாடிக்கிட்டு இருந்தான். என்னையப் பாத்துட்டு உள்ள ஓடி, 'ஆத்தா, ஒரு மாமா வந்துருக்காரு, யாரு அவரு'ன்னு கேட்டான்."

கீழே அத்தை நாகராசுக்குக் காபி ஆற்றும் சத்தம் நின்றது.

"எம் பேத்தி ஒன்னைய அப்பிடிக் கேட்டுறக் கூடாதுத்தா. நேத்துலருந்து அது ஒண்ணுதான் எனக்கு."

"கேக்க மாட்டா மாமா" என்றேன்.